இலந்தைக் கிளைக்கு ஓர் இருக்கை

2013 ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை. தென்னாப்பிரிக்கா, க்வாசுலு-நட்டால் மாகாணத்தின் வடபகுதி, மக்வெலெனி கிளினிக். அட்டை எண் 0417, வேலாபி குமேதே, ஆண், வயது 38, எடை அறுபத்தாறு கிலோ, எச்.ஐ.வி.க்கான இரண்டு மாத மாத்திரைகளை வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டார்.

அதே வேலாபி குமேதே 2011 மார்ச் 1 அன்று இறந்துபோனதாக மக்கள்தொகை ஆய்வு நிலையத்தின் ஏட்டில் இருந்தது. அதை எழுதியவள் கொம்பிசிலே ம்புயாசி.

கொம்பிசிலேக்கு முப்பத்தைந்து வயது. தன் பொறுப்பிலிருந்த இருநூற்றுப் பத்து வீடுகளுக்கும் ஆண்டுக்கு மூன்று முறை நடந்து போய், யார் பிறந்தார்கள், யார் வந்தார்கள், யார் போனார்கள், யார் இறந்தார்கள் என்று கேட்டு எழுதுவது அவள் வேலை. பதினோரு ஆண்டுகளாக அதைச் செய்துவந்தாள். அந்த இருநூற்றுப் பத்தில் அவள் இறப்புப் படிவம் நிரப்பாத வீடுகள் முப்பத்தொன்றுதான். ஊரில் அவளைக் கணக்குக்காரி என்றார்கள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தால் சில பெண்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். அவள் அதைப் பார்க்காததுபோல் நடந்துவிடுவாள்.

அந்த ஆண்டு மே மாதம், ஆய்வு நிலையம் தன் ஏட்டையும் கிளினிக்கின் மாத்திரைப் பதிவேட்டையும் முதன்முறையாக அருகருகே வைத்துப் பார்த்தது. இறந்தவர்கள் ஒன்பது பேர் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பெயர்களைக் கொம்பிசிலே மூன்று வாரத்தில் தீர்த்துவிட்டாள். ஓரிடத்தில் சித்தப்பாவுக்கும் அண்ணன் மகனுக்கும் ஒரே பெயர். இன்னோரிடத்தில் அடையாள எண்ணில் ஓர் இலக்கம் இடம் மாறியிருந்தது. மற்றவையும் அப்படித்தான். ஒன்பதாவது பெயர் வேலாபி. ஜூன் 28க்குள் அவள் விளக்கம் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அட்டை தானாக மூடப்பட்டுவிடும்.

பதிவேட்டின் நகலை அவள் பலமுறை படித்தாள். செத்தவன் தேறிக்கொண்டு வந்திருந்தான். 2011 பிப்ரவரியில் நாற்பத்தொன்பது கிலோ. ஆகஸ்டில் ஐம்பத்தைந்து. அடுத்த ஆண்டு அறுபத்திரண்டு. 2012 நவம்பரில் அவன் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்திருக்கிறார்கள். கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வைரஸ் குறைந்துவிட்டது என்று சோதனைக்கூடம் எழுதியிருந்தது. வேலாபியின் சாவு வீட்டில் கொம்பிசிலே சாப்பிட்டிருக்கிறாள். பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது கயிறு வழுக்கித் தலைப்பக்கம் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

யாரோ ஒருவர் அந்தப் பெயருக்குள் உயிரோடு இருக்கிறார். பெயரை மூடினால் அவருக்கு மாத்திரை நின்றுபோகும். நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூன் முதல் வாரம் குமேதே வீட்டுக்குப் போனாள். வேலாபியின் தாய் மாந்தூலி வட்ட வீட்டுக்குள் பாயில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான்கு ஆண்பிள்ளைகளைப் பெற்று மூன்றைப் புதைத்தவள். கடைசிப் பிள்ளை பெகோ வெளியே மாட்டுப்பட்டிக்குக் கம்பு செதுக்கிக்கொண்டிருந்தான். கொம்பிசிலேக்குப் புளித்த பாலும் சோளக்களியும் வந்தன. சாப்பிட்டுவிட்டுப் பட்டியலைப் படித்தாள். இருக்கிறார்களா என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டாள்.

"வேலாபிய விட்டுட்ட," என்றாள் மாந்தூலி.

"அவர் பேர எடுத்தாச்சும்மா. நான்தானே வந்து எழுதினேன்."

"செத்தான்னு எழுதின. சரி. வீட்டுக்கு வந்துட்டான்னு எழுதினியா? வெளியூர்ல இருக்கிறவங்களுக்கு உன் தாள்ல ஒரு கட்டம் இருக்கே, அதுல போடு."

கொம்பிசிலே பேனாவை மூடினாள். வீட்டின் பின்சுவர்ப் பக்கம், முன்னோருக்கான இடத்தில், கூரைப் புல்லில் மூன்று காட்டிலந்தைக் கிளைகள் செருகியிருந்தன. வீட்டுக்கு வெளியே செத்தவனை, செத்த இடத்துக்கே போய் இலந்தைக் கிளையால் தொட்டுப் பெயர் சொல்லி எழுப்பி, வழியெல்லாம் அவனோடு மட்டும் பேசிக்கொண்டே கூட்டிவருவது அங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சுரங்க வேலைக்குப் போன இடத்தில் செத்த இரண்டு அண்ணன்மாரின் கிளைகள் கரிக்குச்சியாகக் கறுத்திருந்தன. மூன்றாவது கிளை பச்சையாக இருந்தது. இலைகள் அப்போதுதான் ஒடித்தவைபோல் பளபளத்தன.

"இது எப்ப வெச்சது?"

"ரெண்டு மாசம் ஆகப்போகுது." மாந்தூலி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. "பெரியவனுங்க ரெண்டு பேரோடதும் மூணாம் நாளே காய்ஞ்சுது. வந்து சேர்ந்துட்டானுங்க. இவனோடது காயவே மாட்டேங்குது. பெகோவும் ரெண்டு மாசத்துக்கு ஒரு செவ்வாக்கிழம போய்க் கூப்பிடுறான், புதுக் கிளை கொண்டாறான். அதுவும் அப்படியேதான் பச்சையா நிக்குது. செத்தும் அந்த கிளினிக் பெஞ்ச விட்டு எந்திரிக்க மாட்டேங்கிறான், என் புள்ள."

வெளியே கோடரிச் சத்தம் நின்றது. பெகோ வாசலில் வந்து நிழலாக நின்றான். சட்டை தோளில் இறுக்கமாக இருந்தது. மாந்தூலி அவனைக் காட்டிச் சொன்னாள், தன் ரத்தத்தில் சுத்தமாக மிஞ்சியது இவன் ஒருவன்தான் என்று. பெகோ கோடரியின் கூர்மையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த செவ்வாய் ஜூன் 11. ஏப்ரல் 16இலிருந்து சரியாக எட்டு வாரம்.

அந்தச் செவ்வாய் காலை கொம்பிசிலே கிளினிக் போகும் வேனில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இடம்பிடித்து உட்கார்ந்தாள். ஓட்டுநர் ஃபகூடே வாயாடி. கணக்குக்காரி முன்சீட்டில் உட்கார்ந்தால் வண்டியில் ஒரு தலை குறையும் என்று மற்றவர்களைச் சிரிக்கவைத்தான். குமேதே வீட்டுத் திருப்பத்தில் பெகோ பச்சைக் கிளையோடு ஏறியதும் சிரிப்பு அடங்கியது. கிளை வைத்திருப்பவனோடு உயிருள்ளவர்கள் பேசக் கூடாது, அவனும் பேசக் கூடாது. பெண்கள் முழங்காலை ஒடுக்கி வழிவிட்டார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"யாரு போனது அந்த வீட்ல?" ஃபகூடே உதட்டை அசைக்காமல் கேட்டான்.

"தெரியாது."

"உனக்கே தெரியாதா? என் வண்டியில மட்டும் பத்துப் பதினஞ்சு தடவ வந்திருப்பான். பெரிய குடும்பம் போல."

கொம்பிசிலே கண்ணாடி வழியே பின்னால் பார்த்தாள். பதினான்கு பேர். ஒரே ஆள் இரண்டேகால் ஆண்டுகளாக, எட்டு வாரத்துக்கொரு முறை, இலந்தைக் கிளையோடு இந்த வண்டியில் போய்வந்திருக்கிறான். ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. அந்தப் பதினான்கு பேரில் ஒன்பது பேர் வீட்டில் அவள் படிவம் நிரப்பியிருந்தாள். ஒரு வீட்டிலிருந்து பதினைந்து பேரைக் கூட்டிவர வேண்டியிருந்தால், சரி, இருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்த மலைச்சரிவில் வளர்ந்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அவளே நினைத்திருப்பாள்.

மாத்திரை ஜன்னல் மார்பளவு உயரத்தில் இருந்தது. உள்ளே இருக்கும் பெண்ணுக்கு வெளியே நிற்பவரின் கையும் சட்டைப் பொத்தானும்தான் தெரியும். ஜன்னலையொட்டி ஒரு மரப்பெஞ்சு. வேலாபி அதில்தான் செத்தான், வரிசையில் காத்திருந்தபோது. அதை மாத்திரை ஏட்டில் குறிக்க யாருக்கும் தோன்றவில்லை. பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஆனால் சுவரோரம் ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டே உட்கார்ந்திருந்தார்கள். பெகோ அந்த இடத்தைக் கிளையால் தொட்டான். குனிந்து, "எந்திரி வேலாபி, வீட்டுக்குப் போலாம்," என்றான்.

"வேலாபி குமேதே," என்று அன்றைய பட்டியலைப் பார்த்து ஜன்னல் கூப்பிட்டது.

பெகோ திரும்பினான். பச்சை அட்டையை நீட்டினான், ஏட்டில் கையெழுத்திட்டான், காகிதப் பையை வாங்கிக்கொண்டான். பெஞ்சிலிருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

கிளினிக் வாசலில், குழாய் கசியும் இடத்தில் ஓர் இலந்தை மரம் உண்டு. பெகோ பழைய கிளையை அதன் அடியில் கிடத்திவிட்டுப் புதிதாக ஒன்றை ஒடித்துக்கொண்டு வேனுக்குக் காத்து நின்றான். கொம்பிசிலே அவன் எதிரே போய் நின்றாள். அவனோடு பேச முடியாது. அவன் கையிலிருந்த கிளையைப் பார்த்துப் பேசினாள்.

"வேலாபி, நான் ம்புயாசி வீட்டுப் பொண்ணு. உன் சாவ எழுதினவ."

பெகோவின் விரல்கள் முள்ளின்மேல் இறுகின.

"வேலாபி, மாசக் கடைசியில உன் அட்டைய மூடப்போறாங்க. அப்புறம் உன் பேருக்கு மாத்திரை வராது. இத உன் தம்பிகிட்ட சொல்லு."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் விரலிடுக்கில் ரத்தம் ஒரு பொட்டாகத் திரண்டது. பிறகு அவனும் கிளையிடம்தான் பேசினான்.

"வேலாபி, அந்த அக்காகிட்ட சொல்லு. நான் திருடல. அன்னைக்கு உன்ன கூப்பிடத்தான் வந்தேன்."

இப்படி, நடுவில் ஒரு செத்தவனை நிறுத்திவைத்துக்கொண்டு இருவரும் பேசினார்கள். வேலாபி செத்து இரண்டாம் நாள் பெகோ கிளையோடு வந்தான். செத்தவன் சட்டைப்பையில் இருந்த அட்டை அவனிடம் இருந்தது. பெஞ்சைத் தொட்டு எழுந்திரு என்று சொன்ன அதே நொடியில் ஜன்னல் பெயரைக் கூப்பிட்டது. வாங்காமல் கிடந்த பொட்டலத்தை உள்ளே இருந்தவள் அப்போதுதான் கையில் எடுத்திருந்தாள். அவர் செத்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். கிளை கையில் இருக்கும்போது வாய் திறக்கக் கூடாது. வரிசையில் இருந்தவர்களும் அவனுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். ஏடு வெளியே நீண்டது. கையெழுத்திட்டான். அப்போது அவனுக்கு ஐந்து மாதமாக இரவில் வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. விலாவில் அக்கி வந்து ஆறிய தழும்பு இருந்தது. பொட்டலத்தை மூன்று நாள் கட்டிலுக்கடியில் வைத்திருந்தான். நாலாம் நாள் பிரித்தான்.

"வேலாபி, என் பேர்ல போய் ரத்தம் குடுத்திருக்கலாம்தான். அம்மா தினமும் கேக்கும், நீ சுத்தம்தானேடான்னு. சுத்தம்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் எப்படிப் போறது?" அவன் குரல் தாழ்ந்தது. "ஒவ்வொரு தடவையும் நான் கூப்பிடுறேன். நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி அவங்க கூப்பிட்டுடுறாங்க. நான் கையெழுத்துப் போட்டதும் நீ திரும்ப உக்காந்துடுற. எனக்குத் தெரியுது. உனக்கும் சேத்து ரெண்டு சீட்டுக்குக் காசு குடுத்து ஏறுறேன், பக்கத்துல ஒருத்தரும் இல்ல."

கொம்பிசிலே பையிலிருந்த விளக்கப் படிவத்தை எடுத்தாள். அதில் ஒரு கட்டம் இருந்தது: ஆய்வாளர் பிழை, நபர் உயிருடன் உள்ளார்.

"வேலாபி, இதுல நான் ஒரு குறி போட்டா போதும், நீ உயிரோட இருப்ப. மாத்திரை வரும். ஆனா நீ எப்பவும் அந்த பெஞ்சுலதான் இருக்கணும்."

தூரத்தில் வேனின் ஹாரன் கேட்டது. பெகோ படிவத்தைப் பார்க்கவில்லை, பெஞ்சைப் பார்த்தான்.

"வேலாபி, அக்காகிட்ட கேளு. என் பேர்ல போனா எனக்குக் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க," என்றாள் கொம்பிசிலே. அதை மட்டும் அவள் கிளையைப் பார்த்துச் சொல்லவில்லை. அவன் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

ஜூன் 25 அன்று பெகோ கிளை இல்லாமல் வந்து தன் பெயரில் ரத்தம் கொடுத்தான். கிருமி இருந்தது. 28ஆம் தேதி கொம்பிசிலே தன் படிவத்தில் இறப்பு உண்மை என்று எழுதி அனுப்பினாள். அட்டை எண் 0417 மூடப்பட்டது. ஜூலை 2 அன்று பெகோவின் சிடி4 எண்ணிக்கை வந்தது. 546.

அந்த விதி கொம்பிசிலேக்குத் தெரியாததல்ல. சிடி4 என்கிற உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் 350க்குக் கீழே இறங்கினால்தான் புதிதாக வருபவருக்கு மாத்திரை தொடங்குவார்கள். அவள் பதினோரு ஆண்டுகள் செத்தவர்களுக்கான படிவங்களையே நிரப்பியிருந்தாள். ஒருவனை அண்ணனின் மாத்திரை நன்றாக்கிவிட்டது, அதனாலேயே அவனுக்கு மாத்திரை கிடையாது என்று ஆகும் என அந்த மரத்தடியில் அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் பெகோவைக் கூட்டிக்கொண்டு பொறுப்பு நர்ஸ் சிஸ்டர் மாகோசாவிடம் போனாள். பெகோ எல்லாவற்றையும் சொன்னான். சிஸ்டர் எழுந்து கதவைச் சாத்தினாள். கேட்டு முடித்துவிட்டு மேசையில் கையை விரித்துவைத்தாள்.

"க்வாபே," என்று அவன் குலப்பெயரால் மரியாதையாகக் கூப்பிட்டாள். "நீ சொன்னத நான் கேக்கல. இத எழுதினா ஜன்னல்ல இருக்கிற பொண்ணுக்கு வேலை போகும். அந்த நவம்பர்ல ரத்தம் எடுத்தது யாரு, முகத்தப் பாத்தியான்னு என்னக் கேப்பாங்க. நான் பாக்கல. அன்னைக்கு எண்பது கை. கைய மட்டும்தான் பாத்தேன். நீ நல்லா இருக்க. ஆறு மாசம் கழிச்சு வா."

"அதுவரைக்கும்?" என்றாள் கொம்பிசிலே.

"அதுவரைக்கும் நல்லா சாப்பிடச் சொல்லு."

வெளியே வந்து கொம்பிசிலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெகோ கையை உயர்த்தித் தடுத்துவிட்டான்.

மாத்திரைகள் ஆகஸ்ட் 6 காலையோடு தீர்ந்தன. அன்றும் செவ்வாய். பெகோ கிளையோடு வேனில் ஏறினான். கொம்பிசிலேயும் போனாள். அவளை யாரும் வரச் சொல்லவில்லை. பெஞ்சின் சுவரோர இடம் வழக்கம்போல் காலியாக இருந்தது. அவன் தொட்டான், எழுந்திரு என்றான், காத்து நின்றான். ஜன்னல் ஒரு பெயரைக் கூப்பிட்டது. வேறு யாரோ ஒரு பெண். அடுத்தது ஒரு கிழவர். நாற்பது நிமிடம் அவன் அசையாமல் நின்றான். பிறகு மெதுவாகத் திரும்பி நடந்தான். படி இருக்கிறது பார்த்து வா என்றான், இது வாசல் என்றான். காலியாயிருந்த இடத்தில், பக்கத்திலிருந்த பெண் ஒரு பெருமூச்சோடு நகர்ந்து உட்கார்ந்தாள். அந்த இடத்தில் யாரும் உட்கார்ந்து கொம்பிசிலே பார்த்ததில்லை.

வேனில் இரண்டு இருக்கைக்குப் பணம் கொடுத்துப் பின்வரிசையில் ஏறினான். பக்கத்து இருக்கையில் கிளையைக் கிடத்தினான். ஆறு வந்ததும் இது ஆறு என்று சொன்னான். மேட்டில் ஏறும்போது ஃபகூடே இரண்டாம் கியருக்கு மாற்றினான், பிறகு முதல் கியருக்கு.

"இன்னைக்கு வண்டி இழுக்குது," என்றான். கண்ணாடியில் தலைகளை எண்ணினான். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான். பிறகு ரேடியோவை அணைத்துவிட்டான்.

மூன்றாம் நாள் கிளை காய்ந்தது. மாந்தூலி ஆடு அறுத்து, சோளத்தில் பீர் வடித்து, அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டாள். கொம்பிசிலே போகவில்லை.

நவம்பர் சுற்றில் போயே ஆக வேண்டியிருந்தது. மாந்தூலி அதே பாயில் உட்கார்ந்திருந்தாள். பின்சுவரில் மூன்று கிளைகளும் ஒரே கறுப்பாக இருந்தன. வெளியே கோடரிச் சத்தம் இல்லை. பெகோ தூங்குகிறான் என்றாள். வேலாபியின் பெயரை அவள் கேட்கவில்லை. பெகோ இருக்கிறாரா என்று கொம்பிசிலே கேட்டாள்.

"வேலாபி வந்துட்டான், மகளே. இப்ப பெகோ போக ஆரம்பிச்சிருக்கான்." மாந்தூலி கால்களை மடக்கிக்கொண்டாள். "அவன் வேர்வ நனைஞ்ச போர்வைய நான்தான் காயப்போடுறேன். என்கிட்ட சொல்லலைன்னா எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறான். மூணு பேரோட போர்வைய காயப்போட்டவ நான். நீ அவன்கிட்ட சொல்லு, சுத்தமான்னு இனிமே கேக்கமாட்டேன்னு."

கொம்பிசிலே உள்ளறைக்குப் போய் அதைச் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். சரி என்றான். அண்ணன் பெயரில் வாங்கிய மாத்திரை விஷயத்தை அம்மாவிடம் அவள் சொன்னாளா என்று கேட்டான். சொல்லவில்லை என்றாள். பட்டியலில் அவன் பெயருக்கு நேரே, வீட்டில் உள்ளார் என்ற கட்டத்தில் குறியிட்டாள்.

டிசம்பரில் எண்ணிக்கை 371. இன்னும் இருபத்திரண்டு குறைந்தால் போதும் என்று ஜன்னல் பெண் அவனிடம் சொன்னாள். நல்ல செய்தி சொல்லும் குரலில்தான் சொன்னாள். பிப்ரவரித் தொடக்கத்தில் 298.

2014 பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. மக்வெலெனி கிளினிக். அட்டை எண் 2231, பெகோக்வாகே குமேதே, ஆண், வயது 33, எடை ஐம்பத்துமூன்று கிலோ, ஒரு மாத மாத்திரைகளை வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டார். உடன் வந்தவர்: தாய்.